தலை குனியாத ஆடுகள்

அந்த ஆட்டு இனவிருத்தி நிலையத்து ஆடுகள் புல் மேய்வதில்லை. மேய வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். அவற்றுக்குக் கழுத்து குனியாது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மோவாய் எந்நேரமும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். வேறு யாராவது பார்த்தால் ஊனம் என்பார்கள். நிலையத்தார் அதை வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: "எங்கள் ஆடு யாருக்கும் தலை குனியாது."

குனியாத ஆட்டுக்கும் பசி எடுக்கும் என்பதால், ஊட்டுநர் என்றொரு வேலை இருந்தது. தழையை இடித்து, உருட்டி, ஆட்டின் வாய் உயரத்துக்குக் கையைத் தூக்கி ஊட்டிவிட வேண்டும். நம்முடைய ஆள் அந்த வேலையில்தான் சேர்ந்தான். அதற்கு முன்னால் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். பால் கம்பெனி மூடிப்போனதும் பல வாசல் ஏறி இறங்கி, கடைசியில் இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

"நம்ம பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டிருப்பீங்களா? ஆட்டுக்கு ஊட்டறதுக்குச் சம்பளமாம்!" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வேலை வேலைதானே.

நிலையத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'வெளியாள்'. திட்டுவதற்காக வைத்ததல்ல, அடையாளத்துக்காக வைத்தது. ஏனென்றால் அங்கே மற்றவர்கள் எல்லோரும் உள்ளாட்கள். இயக்குநர், நிலையத்தை நிறுவியவரின் மகன். துணை இயக்குநர், இயக்குநரின் மச்சான். கால்நடை மருத்துவர், இயக்குநரின் மருமகன். வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதும் பெண், இயக்குநரின் தங்கை மகள். ஊட்டுநர் வேலைக்கும் ஒரு சித்தப்பா பையனைத்தான் போட்டிருந்தார்கள். அவனுக்குக் கை வலி வந்து கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டான். இயக்குநரின் மகன் சோபாவை விட்டு எழுவதில்லை. குடும்பத்தில் வேலைக்கு ஆகும் ஆண்பிள்ளை வேறு யாரும் மிச்சமில்லாததால், வேறு வழியில்லாமல் வெளியே கை நீட்டினார்கள்.

"வெளியில ஆள் எடுக்கறது எனக்குப் பிடிக்காது" என்று முதல் நாளே இயக்குநர் மனம்விட்டுச் சொன்னார். "திறமைய யார் வேணா கத்துக்கலாம். அக்கறை ரத்தத்துல வரணும். உனக்குத் தற்காலிக வேலைதான். உன் கையால ஊட்டி ஒரு குட்டியாவது பிழைச்சு நின்னுச்சுன்னா நிரந்தரம். இல்லன்னா நீ உன் வழிய பாத்துக்க."

பிழைச்சு நின்னா என்று அவர் ஏன் சொன்னார் என்பது போகப் போகத்தான் அவனுக்குப் புரிந்தது.

நிறுவியவர் அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக் கிடாவையும் சில வெள்ளைப் பெட்டைகளையும் வாங்கி, சுற்றிலும் மதில் எழுப்பி, "இனி இதற்குள் வேறு ரத்தம் வராது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அன்று முதல் அப்பனுக்கு மகள், அண்ணனுக்குத் தங்கை, பேரனுக்குப் பாட்டி என்று உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் நடந்தது. கொஞ்ச காலத்தில் குட்டிகள் சின்னதாகப் பிறந்தன. பிறகு மேல் தாடையும் கீழ் தாடையும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. பிறகு கண் மங்கியது, முழங்கால்கள் இடித்துக்கொண்டன, மூச்சு விசிலடித்தது. ஒவ்வொரு குறை வந்தபோதும் நிலையம் கூட்டம் போட்டுத் தீவிரமாக ஆராய்ந்து, அதை லட்சணங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. விசில் மூச்சுக்குக் 'கம்பீர சுவாசம்' என்று பெயர். பார்வை இல்லாததற்கு 'அலைபாயாத கண்'. இடிக்கும் முழங்கால்களுக்கு 'ஒற்றுமை'.

லட்சணம் கூடக் கூட ஆடு குறைந்தது. நம் ஆள் சேர்ந்தபோது கொட்டகையில் சில கிழட்டுப் பெட்டைகள், ஒரே ஒரு கிடா, குட்டி போடக்கூடிய வயதில் ஒரே ஒரு பெட்டை. அந்தப் பெட்டைக்கு நிலையம் வைத்த பெயர் மூச்சு விடாமல் சொல்ல முடியாத நீளம். அவன் அதைக் குட்டிம்மா என்று கூப்பிட்டான்.

குட்டிம்மா அவனுக்குப் பழகிவிட்டது. கண் சரியாகத் தெரியாது. அவன் செருப்புச் சத்தம் கேட்டால் காதைத் திருப்பும். அவன் சேர்ந்த புதிதில் அது ஒரு குட்டி போட்டது. குட்டிக்குத் தாடை கோணல். காம்பைப் பிடித்து உறிஞ்ச முடியவில்லை. துணியைப் பாலில் நனைத்து நனைத்து அவன் சொட்டுவிட்டுப் பார்த்தான். அவன் மடியிலேயே அது அடங்கிப்போனது. அவன் அழுதான், வெட்கப்படாமல் அழுதான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இறப்புக் காரணம் 'காலநிலை' என்று எழுதினார். அவர் எப்போதும் அதைத்தான் எழுதுவார். அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"விடு" என்றார் இயக்குநர். "அடுத்த சம்பந்தத்தை இன்னும் நெருக்கமா பாத்துடுவோம்."

சம்பந்தக் குழு கூடியது. இயக்குநர், மச்சான், மருமகன் மூவரும் உறுப்பினர்கள். காலை டீயில் தொடங்கி மதியச் சாப்பாடு வரை யோசித்தார்கள். ஒரே ஒரு கிடாதான் இருந்தது என்றாலும் போட்டி கடுமையாக இருந்ததாகப் பிறகு அறிக்கையில் சொன்னார்கள். தேர்வானவர் 'இளவரசர்' என்று அழைக்கப்பட்ட அந்தக் கிடா. அவரால் நடக்க முடியாது. மெத்தை தைத்த தள்ளுவண்டியில்தான் பவனி வருவார்.

முடிவைக் கேட்டு நம் ஆள் தலையைச் சொறிந்தான். "சார், அவரு குட்டிம்மாவுக்கு அப்பா இல்லீங்களா?"

"அப்பா மட்டுமா? அண்ணனும்தான்!" என்றார் இயக்குநர், முகமெல்லாம் பூரிப்பாக. "ரெண்டு பேருக்கும் ஒரே தாய். ஒரே சம்பந்தத்துல ரெண்டு உறவு. இதைவிட நெருக்கமா எவன் கொண்டு வந்து தருவான், சொல்லு பாப்போம்?"

வெளியாள் தலையை இன்னொரு முறை சொறிந்தான்.

சம்பந்தம் நடப்பதற்கென்று தனி மண்டபம் உண்டு. முன்சுவரில் நிறுவியவரின் பெரிய படம், கண்ணாடி போட்டுத் துடைத்து வைத்தது. கிடாவையும் பெட்டையையும் மண்டபத்தின் பின்பக்கம் விட்டுவிட்டு, மொத்த நிலையமும் அவற்றுக்கு முதுகு காட்டி, படத்தைப் பார்த்து நின்று, நிலையப் பாடலைப் பாட வேண்டும். நான்கு சரணம். பாட்டு முடியும் வரை யாரும் திரும்பக் கூடாது, பாட்டைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கக் கூடாது. அது கண்ணியமாம். இத்தனை வருடத்தில் அங்கே இனவிருத்தியை மேற்பார்வை பார்த்த ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கென்று பார்த்து நம் ஆள் ரவுடியைக் கூட்டி வந்திருந்தான். ரவுடி அவன் வீட்டுக் கிடா. கருப்பும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டாக இருக்கும், ஒரு கொம்பு பாதி. தெருவில் ஒட்டிய போஸ்டரைப் பசை காயும் முன்னே தின்றுவிடும். முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரியின் புடவையில் முந்தானையைத் தின்று முடித்திருந்தது.

"இதை இன்னிக்கு வீட்ல விட்டுட்டுப் போனீங்கன்னா, சாயங்காலம் நானும் இருக்க மாட்டேன், ஆடும் இருக்காது" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

தீவன லாரிக்காரன்தான் ரவுடியைத் தழைக்கட்டுக்குள் மறைத்து மதிலுக்குள் கொண்டுவந்து கொடுத்தான். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்பதால், அவன் தினமும் வாசலில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டுதான் லாரியை விடுவான். ஒரு லாரிக்குச் சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும். இயக்குநரின் தங்கை மகளுக்கு வர வர அரை மணி ஆகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இவன உங்க ஆளுங்க பாத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க" என்று சிரித்தான் லாரிக்காரன். ரவுடியைத் தீவனக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு, நம் ஆள் மண்டபத்துக்கு ஓடினான்.

பாட்டு தொடங்கியது.

அயல்வாசம் அறியாத வெள்ளையினம் வாழ்க!
அப்பனும் அண்ணனும் ஆனவனே வாழ்க!

முதல் சரணத்திலேயே இளவரசர் வண்டியில் குறட்டை விட ஆரம்பித்தார். எல்லோரும் கம்பீர சுவாசம் என்று எண்ணிக் குரலை உயர்த்தினார்கள். இரண்டாம் சரணத்தில் நம் ஆளின் கண் தற்செயலாகப் படத்தின் கண்ணாடியில் பட்டது. நிறுவியவரின் தாடிக்கு நடுவே பாதிக் கொம்பு ஒன்று தெரிந்தது. பின்கதவு வழியாக, அறுந்த கயிற்றை வாயில் மென்றுகொண்டு, சொந்த வீட்டுக்குள் வருவதுபோல ரவுடி வந்துகொண்டிருந்தான்.

கத்த வேண்டும். ஆனால் பாட்டைத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. திரும்பினால் தற்காலிக வேலையும் போய்விடும். பாவம், புதிதாகச் சேர்ந்தவன் வேறென்ன செய்வான்? பாட்டையே இன்னும் சத்தமாகப் பாடினான்.

நான்கு சரணமும் முடிந்து எல்லோரும் திரும்பியபோது, இளவரசர் தூங்கிக்கொண்டிருந்தார். குட்டிம்மா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பின்கதவு லேசாக ஆடியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன கண்ணியம்! ஒரு சின்ன ஆரவாரம் உண்டா? இதான்யா பரம்பரை."

குட்டிம்மா சினையானது. வீட்டில் நம் ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டி எப்படிப் பிறந்தாலும் வம்பு. இளவரசருக்குப் பிறந்தால் சாகும். ரவுடிக்குப் பிறந்தால் இவர்களே முடித்துவிடுவார்கள். லட்சணம் இல்லாத குட்டியை 'நீக்குவது' அங்கே விதி. எப்படியானாலும் வேலை போய்விடும்.

"நீங்க என்ன பண்ணீங்க? ஆடு பண்ணுச்சு. போய் ஆட்டைக் கேக்கட்டும்" என்றாள் மனைவி. பிறகு சாந்தமாக, "ஆனா நீங்களா போய் வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றாள்.

குட்டி பிறந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. விழுந்த சூட்டோடு உதறிக்கொண்டு எழுந்தது. முட்டி முட்டிப் பால் குடித்தது. குடித்து முடித்ததும் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கி ஒரு துள்ளு துள்ளி, தாயின் முதுகில் ஏறி நின்றுகொண்டது. குட்டிம்மாவுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. நம் ஆள் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தான்.

மருத்துவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஏன் இப்படி எகிறுது? வலிப்பா இருக்குமோ?"

"விளையாடுதுங்க சார்."

"ஆடு எதுக்கு விளையாடணும்?" என்று கேட்டவர், தூரத்திலிருந்தே சோதித்தார். மூச்சில் விசில் இல்லை. முழங்காலில் ஒற்றுமை இல்லை. தாடை இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. அதைவிட மோசம், அது குனிந்தது. தரையில் கிடந்த தழையைத் தானாகக் குனிந்து பொறுக்கியது. மருத்துவர் வெளிறிப்போய், நோயின் பெயர் என்ற இடத்தில் 'அளவுக்கு மீறிய ஆரோக்கியம்' என்று எழுதினார். "ஆண்டு விழாவுல மேலிடத்து அதிகாரி முன்னாடி லட்சணப் பரிசோதனை இருக்கு. அதுக்குள்ள சரியாகலன்னா நீக்கிட வேண்டியதுதான்."

அன்று முதல், நன்றாக இருக்கும் குட்டியைச் சீக்காளியாக்கும் வேலை நம் ஆளின் தலையில் விழுந்தது. மூக்கின் ஒரு துளையில் பஞ்சு வைத்தான். குட்டி தும்மிவிட்டுப் பஞ்சைத் தின்றது. தள்ளாடிக் காட்டச் சொல்லித் தானே தள்ளாடிக் காட்டினான். குட்டி அவன் முதுகில் ஏறியது. கழுத்தை நிமிர்த்திக் கட்டலாம் என்றால் எதைக் கட்டினாலும் அறுத்தது.

அந்தக் கூத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் பெண், மறுநாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே கழுத்துப் பட்டை, ஆஸ்பத்திரியில் கொடுப்பது.

"மாமா கீழ விழுந்தப்போ போட்டதுண்ணே. வெட்டித் தைச்சிருக்கேன், குட்டிக்குச் சரியா இருக்கும்."

"உனக்கெதுக்கும்மா இந்த வம்பு?"

அவள் குட்டியின் பழுப்புக் காதைத் தடவினாள். "ஆண்டு விழாவுல எனக்கும் ஒரு அறிவிப்பு இருக்குண்ணே. மாமா பையனைக் கட்டிக்கணுமாம். வாசல் வேலை குடும்பத்த விட்டுப் போயிடக் கூடாதுல்ல? அவனும் நானும் ஒரே தொட்டில்ல கிடந்தவங்க. அவன் பழைய சட்டையெல்லாம் நான் போட்டு வளந்திருக்கேன். அவனைப் பாத்தா எனக்கு மூக்கைத் துடைச்சு விடணும்னுதான் தோணுது."

நம் ஆள் கையை நீட்டிப் பட்டையை வாங்கிக்கொண்டான்.

ஆண்டு விழா வந்தது. மேலிடத்து அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை மென்றார். கழுத்துப் பட்டையோடு குட்டி வானம் பார்த்து நின்றது. மச்சான் வந்து பார்த்து, "ஆகா, என்ன நிமிர்வு!" என்றார். மருத்துவர், "குணமாகிட்டு வருது" என்றார். நம் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்ச நேரம், இயக்குநரின் உரை மட்டும் முடிந்துவிட்டால் குட்டி பிழைத்துவிடும்.

இயக்குநர் தாளை விரித்தார். "வெளிக்காற்று படாததால்தான் நாம் வளர்ந்தோம்! நேற்று நூறு ஆடுகள் இருந்தன. இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன்? தரத்தை நாம் அந்த அளவுக்கு உயர்த்தியிருக்கிறோம்! நாளை ஓர் ஆடுகூட இல்லாத அளவுக்கு..."

தாள் சரசரத்தது. குட்டிக்குள் இருந்த ரவுடியின் ரத்தம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டது. ஒரே உதறலில் பட்டை தெறித்து அதிகாரியின் மடியில் விழுந்தது. குட்டி தள்ளுவண்டியில் ஏறி, அதிலிருந்து மேசைக்குத் தாவி, குனிந்து, இயக்குநரின் கையிலிருந்த உரையைத் தின்னத் தொடங்கியது.

ஒருவரும் அசையவில்லை. இயக்குநரின் முகம் சிவந்தது. "நீக்கு" என்ற சொல் அவர் உதட்டுக்கு வந்துவிட்டதை நம் ஆள் பார்த்தான். அப்போது அதிகாரி கைதட்டினார்.

"பிரமாதம்! நானும் வருஷா வருஷம் வர்றேன். இந்த நிலையத்துல ஓடற ஆட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன். எப்படிச் சாதிச்சீங்க?"

உதட்டுக்கு வந்த சொல்லை இயக்குநர் விழுங்கினார். விழுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் தூய ரத்தத்தோட பலன்தானுங்க ஐயா! இத்தனை வருஷமா கட்டிக் காத்தது இப்பதான் கனிஞ்சிருக்கு. அப்பாவுக்கும் மகளுக்கும் பிறந்தே இப்படின்னா, இதுக்கு மேல நெருங்கினா எப்படி இருக்கும்! இவன் வளந்ததும் முதல் சம்பந்தம் இவன் அம்மாகூடத்தான். அப்புறம் அதுல பிறக்கற மக. அப்புறம் அந்த மகளோட மக." பழுப்புக் காது அங்கேயே லட்சணமானது. மச்சான் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அதே உற்சாகத்தில் மகனின் கல்யாணத்தையும் அறிவித்தார் இயக்குநர். வரவேற்பறை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிவந்து கைதட்டினார்கள். வாசல் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம் ஆளின் வேலை நிரந்தரமாகிவிட்டது. மனைவி கேட்டால் துள்ளுவாள். ஆனால் அவன் கண்ணுக்குள் மடியில் செத்த குட்டிதான் நின்றது. அவன் இயக்குநரின் அறைக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனான்.

"சார், ஒரு விஷயம். அன்னிக்குச் சம்பந்தத்துல..."

"சொல்லு, சொல்லு. இனிமே நீயும் நம்ம குடும்பம் மாதிரிதான்."

ஜன்னலுக்கு வெளியே குட்டி மதில்மேல் நின்று விழா நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்தது. சொன்னால் அந்த நிமிடமே அதன் கதை முடிந்துவிடும். நம் ஆள் பேச்சை மாற்றினான்.

"ஒண்ணுமில்லீங்க சார். பாட்டு ரொம்பச் சின்னதா இருக்கு. நாலு சரணம் போதலீங்க."

இயக்குநர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். குரல் தழுதழுத்தது. "எங்க அப்பாவுக்கு அப்புறம் இதை உணர்ந்தவன் நீ ஒருத்தன்தான்."

மச்சானைக் கொண்டு பாட்டு ஒன்பது சரணமாக நீட்டப்பட்டது. குட்டி வளர்ந்து கிடாவானது. 'இரண்டாம் இளவரசர்' என்ற பட்டத்தோடு தாய்க்கும் மகனுக்கும் சம்பந்த நாள் குறித்தார்கள், வாசல் பெண்ணின் கல்யாணம் அதற்கு மறுவாரம். லாரிக்காரனிடம் நம் ஆள் விஷயத்தைச் சொல்லியிருந்தான். மலைப்பக்கத்திலிருந்து ஒரு கருப்புக் கிடாவைப் பிடித்து வருவதாக லாரிக்காரன் ஒப்புக்கொண்டான். வாசல் பெண் லாரியைப் பின்பக்கம் வரை விடச் சொல்லி, கேள்வி கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

மண்டபத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடினான், அல்லது தூங்கினான். நம் ஆள் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இரண்டாம் சரணத்தில் லாரிக்காரன் பின்கதவைத் திறந்து, ஒரு கட்டுப் பழைய ஆண்டறிக்கையைக் காட்டினான். இரண்டாம் இளவரசர் வாசனை பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே வெளியே போய்விட்டார். மூன்றாம் சரணத்தில் கருப்புக் கிடா உள்ளே வந்தது. குட்டிம்மா காதைத் திருப்பியது. ஆறாம் சரணத்தில் கிடா கிளம்பிப் போனது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நம் ஆள் நினைத்தான்.

எட்டாம் சரணத்தில் கண்ணாடிக்குள் வேறொன்று அசைந்தது. பின்வரிசையில் நின்றிருந்த வாசல் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரோரம் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினாள். நிறுவியவரின் தாடியைத் தாண்டி, காது வழியாகப் பின்கதவுக்குப் போனாள். அங்கே லாரிக்காரன் நின்றான். கதவருகில் அவள் ஒருமுறை திரும்பினாள். கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்தித்தன.

கத்த வேண்டும். இப்போது அவன் நிரந்தர ஊழியன், குடும்பம் மாதிரி. அவன் வாயை அகலத் திறந்து, ஒன்பதாம் சரணத்தைக் கூரை அதிரப் பாடினான். லாரியின் கதவு சாத்தும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. ஆனால் லாரி கிளம்ப வேண்டும், வாசலைத் தாண்ட வேண்டும். பாட்டோ கடைசி அடிக்கு வந்துவிட்டது. அது முடிந்ததும் இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப முனைந்தார்.

"சார்" என்றான் நம் ஆள், சுவரைப் பார்த்தபடியே. "மனசு நிறையலீங்க. முதல்லேருந்து இன்னொரு தடவை பாடலாங்களா?"

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மறுபடி படத்தைப் பார்த்து நின்றார். மச்சான் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை விழித்துக்கொண்டான். மோவாயை உயர்த்தி, ஒரு கழுத்தும் குனியாமல், மொத்த நிலையமும் முதல் சரணத்திலிருந்து மறுபடி தொடங்கியது.